தோழியின் தங்கைக்கு ஒரு சந்தேகம்

எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி என்று கேட்டால் ஒன்றும் இல்லை. பத்தாவது பாஸ், டைப்ரைட்டிங் லோயர், அவ்வளவுதான். பத்துப் பேர் கூடியிருக்கிற இடத்தில் வாயைத் திறக்க மாட்டேன். கல்யாண வீட்டில்கூடச் சமையற்கட்டுப் பக்கமாகப் போய் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். அப்படிப்பட்டவள் உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு மன்னிக்க வேண்டும். இப்போது கைபேசியில், வெளிநாடு போகிறவர்கள் பேசிக்கொள்ளும் குழுக்களில், 'அவசரம், விசா கிடைக்குமா, தெரிந்தவர்கள் சொல்லவும்' என்று யாராவது கேட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கடந்துபோக முடிவதில்லை. எந்த நாடு, யார் போகிறார்கள், என்ன தடங்கல், ஒன்றும் இருக்காது. கீழே நாலு பேர் கேலி செய்திருப்பார்கள். கேட்டவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று எனக்குத் தெரியும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஆவடியில் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் அப்பாவும் அங்கே வேலை பார்த்தவர்தான், நாங்கள் பிறந்து வளர்ந்ததும் அதே குவார்ட்டர்ஸில். அப்பா, அம்மா இரண்டு பேரும் போன பிறகு தங்கை எங்களோடுதான் வளர்ந்தாள். பி.எஸ்ஸி. முடித்துச் சில வருஷம் கழித்து, கனடாவில் வேலையாக இருந்த அம்பத்தூர் பையனுக்குக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை கல்யாண லீவு முடிந்து போய், அங்கிருந்து அவளைக் கூப்பிட்டுக்கொள்ள மனு போட்டார். அதுவரை அவள் பாதி நாள் அம்பத்தூரில் மாமியார் வீடு, பாதி நாள் ஆவடியில் எங்கள் வீடு என்று பையும் கையுமாக இருந்தாள்.

ஒருநாள் கனடா விசா ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. மனு சரியாக இருக்கிறது, இனி மெடிக்கல் பார்க்க வேண்டும், அவர்கள் குறிப்பிட்டிருக்கும் டாக்டரிடம்தான் போக வேண்டும், மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்று இருந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். பிறகு துணி காயப்போடும் கயிற்றுக்குக் கீழே போய் உட்கார்ந்துவிட்டாள். ஈரப் புடவை அவள் தலையில் சொட்டிக்கொண்டிருந்தது. நகர்ந்துகூட உட்காரவில்லை.

அவளுக்குப் பதினாலு வயதில் டிபி வந்தது. எண்பதுகளின் நடுவில். இருமலில் ரத்தம் பார்த்துவிட்டு அம்மா அவளைத் தாம்பரத்து டிபி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பக்கத்திலேயே தொழிற்சாலை ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே போனால் வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் குடியிருப்பவர்கள் என்பதால் ரயில் மாறித் தாம்பரம். மாதக்கணக்கில் ஊசி, மாத்திரை. ஒரு மாத்திரை சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். அதைக்கூட யாரும் பார்த்துவிடக் கூடாது என்று அம்மா கக்கூஸில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவாள். குவார்ட்டர்ஸில் கேட்டவர்களுக்கெல்லாம் 'நெஞ்சுல சளி' என்று சொன்னோம். பாட்டிலில் கஷாயம் ஊற்றி ஜன்னலில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தோம்.

குணமாகிவிட்டது. மருந்தை நிறுத்தியபோது டாக்டர், உள்ளே ஒரு தழும்பு இருக்கும், அது போகாது, அதனால் கெடுதல் இல்லை என்றார். அன்று சாயந்திரமே அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் வெந்நீர் அடுப்பில் போட்டாள். எக்ஸ்ரே படம் சுலபமாக எரியவில்லை, சுருண்டு சுருண்டு நாறியது. பக்கத்து வீட்டு அம்மாள் என்ன நாற்றம் என்று கேட்டதற்குப் பழைய செருப்பு என்று சொல்லிச் சமாளித்தாள். பொண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், இனிமேல் இந்த வீட்டில் அந்தப் பேச்சு எழக் கூடாது என்றாள். எழவில்லை. பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டில் அவளுக்குத் தையல் தெரியுமா என்று கேட்டார்கள். இதைக் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

இப்போது எக்ஸ்ரேயில் அந்தத் தழும்பு தெரியப் போகிறது. விசாவே கிடையாது என்று சொல்லிவிடுவார்களோ? ஏன் கிடையாது என்று மாப்பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? எங்கள் லைனில் ஒரு பெண்ணைக் காக்காய் வலிப்பை மறைத்துக் கட்டிக் கொடுத்தார்கள் என்று புருஷன் வீட்டார் தாய் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவள் அதன் பிறகு தண்ணீர் பிடிக்க மட்டும் வெளியே வருவாள். தங்கைக்கும் எனக்கும் அவள் ஞாபகம்தான் வந்தது. 

யாரிடம் கேட்பது? என் வீட்டுக்காரரிடமே நான் முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. தங்கை சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நீ போய் எக்ஸ்ரே எடுத்துக்கயேன். நாம ரெண்டு பேரும் ஒரே ஜாடைதான."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவளைவிட நான் பன்னிரண்டு வயது மூத்தவள், நரை விழுந்தவள். பாஸ்போர்ட்டில் அவள் போட்டோ இருக்கிறது. அதையெல்லாம் எடுத்துச் சொல்லவே எனக்குப் பயமாக இருந்தது. சொன்னால் அந்த வழியும் அடைபட்டுப்போகும் அவளுக்கு.

மாமியார் அம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் வாய் சும்மா இருக்காது. "ஊர்ல கீற பொண்ணுங்கல்லாம் தாலி ஈரம் காயறதுக்குள்ள ஏறிப் போவுது. உன் தங்கச்சி பிளேன் மட்டும் இன்னா, பஞ்சரா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாப்பிள்ளை எங்கள் எதிர்வீட்டு போனுக்குக் கூப்பிடுவார். அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும் டிவி பார்த்துக்கொண்டிருக்க நடுவில் நின்று பேச வேண்டும். ஒரு ஞாயிறு என்னிடம் கொடுக்கச் சொல்லி, அக்கா, மெடிக்கல் எப்படி, என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று ஏதாவது சந்தேகம் இருந்தால் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் இருக்கிறது, கனடாவுக்கு வருகிற தமிழ் ஆட்கள் அதில்தான் கேட்டுக்கொள்வார்கள், நானும் நேரம் கிடைக்கும்போது பதில் போடுவேன் என்றார். எப்படிப் போக வேண்டும் என்று எழுத்து எழுத்தாகச் சொன்னார். அங்கே தனக்கு வைத்துக்கொண்டிருந்த பெயரையும் சொன்னார். அது அம்பத்தூரைச் சேர்த்த ஒரு வேடிக்கைப் பெயர்.

கேட்பதற்கு ஓர் இடம் கிடைத்தது. அதையும் அவர் படிப்பார்.

ஆவடியில் பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. அங்கே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நிறைந்திருப்பார்கள். அம்பத்தூரில் சம்பந்தி வீடு. இரண்டும் வேண்டாம் என்று பஸ் ஏறிக் கரையான்சாவடிக்குப் போனேன். அங்கே ஒரு பாய் முன்பு எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த கடையில் கம்ப்யூட்டர்கள் போட்டு, நடுவில் பச்சைத் திரை கட்டியிருந்தார். எனக்கு மவுஸ் பிடிக்க வரவில்லை. டைப் அடிக்க வந்தது. அப்போதெல்லாம் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தான் அடிக்க வேண்டும். பாய் பக்கத்தைத் திறந்து கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த மாதிரி எழுதினேன். மதிப்பிற்குரிய ஐயா மற்றும் அம்மா அவர்களுக்கு, பணிவான வணக்கம். கலெக்டருக்கு மனு எழுதுகிற மாதிரிதான். நாங்கள் தாய் தகப்பன் இல்லாதவர்கள், என் தோழியின் தங்கை மிகவும் நல்ல பெண், அவள் வெளிநாடு போக வேண்டியிருக்கிறது, அதில் ஒரு சிறு சிக்கல், கருணையுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்ட வேண்டும், தங்கள் உண்மையுள்ள. கம்ப்யூட்டர் திரை நிறைந்துவிட்டது. பாய் பச்சைத் திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"இன்னாம்மா, கதை எழுதிகினு கீறியா? லைன் கட்டாயிடும், சுருக்கா தட்டு."

மறுபடி போனபோது பதில்கள் வந்திருந்தன. ஒருவர், அம்மா, தாங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், கேள்வி எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தார். இன்னொருவர், எந்த வெளிநாடு, ஆந்திராவா என்று கேட்டிருந்தார். அதற்குக் கீழே பல பேர் சிரித்திருந்தார்கள். என் முகம் கொதித்தது. யாருமே பார்க்கவில்லை, ஆனாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

திரும்ப எழுதினேன். இந்த முறை கேள்வியைப் போட்டேன். தோழியின் தங்கை கனடா போக வேண்டும், சின்ன வயதில் நெஞ்சில் சளி இருந்தது, மெடிக்கலில் அதனால் தடங்கல் வருமா?

அதற்கு முதல் பதில் போட்டவர் எங்கள் மாப்பிள்ளைதான். அம்பத்தூர்ப் பெயரைப் பார்த்ததும் நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டேன். "சளிக்கெல்லாம் விசா நிக்காதுங்க. உங்க தோழி தங்கச்சிய ஒரு டம்ளர் மிளகு ரசம் குடிச்சிட்டு பிளேன் ஏறச் சொல்லுங்க" என்று எழுதியிருந்தார்.

வீட்டுக்கு வந்து தங்கையிடம் சொன்னேன். கடிதம் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக அவள் சிரித்தாள். "அவரு அப்படித்தான்கா பேசுவாரு" என்றாள். பிறகு, அவர்தான் ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டாரே, அப்படியே போய்விடலாமா என்று கேட்டாள். அவர் சளிக்குச் சொன்ன பதில் அது. எங்கள் இருவருக்கும் அது தெரியும். தெரிந்தும் அன்று ராத்திரி இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

அடுத்த முறை பார்க்கும்போது இன்னொரு பதில் இருந்தது. எழுதியவர் ஒரு பெண். யாழ்ப்பாணத்துப் பேச்சு. அவர்கள் நோயை வருத்தம் என்பார்கள். "அக்கா, நான் இங்க ஆஸ்பத்திரியில நர்ஸ். சளிக்கு ஒருத்தரும் இவ்வளவு பயப்படமாட்டினம். அது என்ன வருத்தம், எத்தினை வயசில வந்தது, எத்தினை மாசம் மருந்து எடுத்தவா, முழுக்க எடுத்தவாவோ, ரிப்போர்ட் கையில இருக்கோ, மனு இப்ப எந்தக் கட்டத்தில நிக்குது, கூப்பிடுறது ஆர்? இதுகள் தெரியாமல் நான் கையைப் பாத்துச் சாத்திரம்தான் சொல்லலாம்."

நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அத்தனை தூரத்தில், முகம் தெரியாத ஒருத்தி கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்குப் பதில் சொல்லிவிடலாம். எல்லாம் எனக்குத் தெரிந்த பதில்கள்தான். வயது, மருந்து, தாம்பரம், கனடா, மெடிக்கல் வருகிற வாரம், கூப்பிடுவது கணவன். இப்படி வரிசையாகச் சொன்னால், பெயரே போடாவிட்டாலும், மாப்பிள்ளை படித்த நிமிஷத்தில் தெரிந்துவிடும், இது தன் பெண்டாட்டி என்று. ஒவ்வொன்றாக மறைத்துப் பார்த்தேன். வயதை விட்டேன். கணவனை எடுத்துவிட்டு அண்ணன் கூப்பிடுவதாகப் போட்டேன். டிபியை அழித்துவிட்டு மறுபடி சளி என்று அடித்தேன். கடைசியில் திரையில் இருந்தது நான் முதலில் கேட்ட கேள்விதான். கண் மறைத்தது. அங்கே உட்கார்ந்து அழுதேன்.

பாய் பச்சைத் திரையை விலக்கவில்லை. வெளியிலிருந்தே பேசினார்.

"நீ இன்னா தட்டுறேன்னு நான் பாக்கல, தங்கச்சி. உன் சமாச்சாரம் எனக்கு வேணாம். ஆனா தெனிக்கும் வர்றே, அழிச்சி அழிச்சி தட்டுறே, அழுவுறே. அல்சர் வந்தவன் டாக்டராண்ட போயி, 'என் சிநேகிதனுக்கு லேசா பசி இல்லைங்க'ன்னு சொன்னா அவரு இன்னா மருந்து குடுப்பாரு?"

 அவர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது, கடையைச் சாத்த வேண்டும் என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். கரையான்சாவடி பஸ் நிறுத்தத்தில் இரண்டு பஸ்ஸை விட்டேன். ஏறி வீட்டுக்குப் போனால் அவளிடம் சொல்ல வேண்டும்.

சொன்னேன். நர்ஸ் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை குழாயடியில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே விளக்கினாள். ஒரே தட்டைத் திரும்பத் திரும்ப விளக்கினாள். அந்த நோய் இருந்த காலத்தில் அம்மா அவளுக்கென்று தனித் தட்டு, தனி டம்ளர் வைத்திருந்தாள். நான் அவள் டம்ளரைத் தெரியாமல் எடுத்துக் குடித்தபோது, கல்யாண வயதுப் பெண் என்றும் பார்க்காமல் அம்மா என்னை அடித்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் அதே ஞாபகம் வந்ததோ என்னவோ.

"டாக்டர் எக்ஸ்ரேய பாத்துட்டு, 'இன்னாது இது'ன்னு கேட்டா நான் இன்னா சொல்றதுக்கா?" என்றாள்.

நான் அவள் விளக்கி வைத்த டம்ளர்களை எடுத்து அலசினேன்.

"மறைச்சேன்னு எழுதிட்டான்னா? அப்புறம் அவங்க மூலியமா அவருக்குத் தெரிஞ்சா?"



அவள் தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "தெரியாதவங்களாண்ட கேக்கறதுக்கே நமக்கு இவ்ளோ நடுங்குதே. அவராண்ட நான் எப்டிக்கா சொல்வேன், அந்த வீட்ல எல்லாரும் டிவி பாத்துகினு இருக்கும்போது?" என்றாள். பிறகு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் படுத்தேன். தூங்கவில்லை என்று மட்டும் தெரியும்.

அடுத்த நாள் சாயந்திரம் அவளும் என்னோடு கிளம்பினாள். அம்பத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போவதாக எதிர்வீட்டில் சொல்லிவிட்டுக் கரையான்சாவடிக்குப் பஸ் ஏறினோம். பாய் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அன்றைக்கு லைன் கிடைக்கவே இல்லை. போன் லைனில் மாட்டியிருந்த மோடம் கிர்ரென்று கத்தும், நின்றுபோகும். மறுபடி கத்தும். ஒவ்வொரு தடவை நிற்கும்போதும், இன்று வேண்டாம் என்று யாரோ சொல்கிற மாதிரி இருக்கும். எழுந்துவிடலாமா என்று நான் அவளைப் பார்ப்பேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிடைத்ததும் நான் அடிக்க ஆரம்பித்தேன். வணக்கம் எல்லாம் போடவில்லை. 'என் தங்கைக்கு' என்று ஆரம்பித்தேன். தோழியை விட்டுவிட்டேன்.  தங்கை என் கையைத் தள்ளிவிட்டாள். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அந்த வார்த்தையை அழித்துவிட்டு 'எனக்கு' என்று அடித்தாள். பிறகு நாற்காலியை என் பக்கம் தள்ளி, நான் சொல்றேன், நீ அடி என்றாள். அவள் சொன்னது இது.

எனக்குப் பதினாலு வயதில் டிபி வந்தது. தாம்பரத்தில் காட்டினோம். டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை மருந்து சாப்பிட்டேன். குணமாகிவிட்டது. அதன் பிறகு வரவில்லை. எக்ஸ்ரேயில் தழும்பு தெரியும். சீட்டு எதுவும் கையில் இல்லை. என் கணவர் கனடாவிலிருந்து கூப்பிடுகிறார். மனுவை ஒத்துக்கொண்டுவிட்டார்கள். மெடிக்கல் வருகிற வாரம். தழும்புக்காக விசா மறுப்பார்களா? டாக்டர் கேட்பதற்கு முன்னால் நானே சொல்ல வேண்டுமா?

நான் அடித்து முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். அவள் இன்னொரு வரி சொன்னாள். என் கணவருக்கு இது தெரியாது.

"அது எதுக்குடி? அத நர்ஸ் கேக்கலையே" என்றேன்.

"கேக்கல. நீ அடிக்கா."

அடித்தேன். அனுப்புகிற பொத்தானை நான் அழுத்த மாட்டேன் என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவள் அழுத்தினாள். திரை கொஞ்ச நேரம் வெள்ளையாக இருந்தது. லைன் கட்டாகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பிறகு நாங்கள் எழுதியது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இனி எடுக்க முடியாது என்று பாய் சொன்னார். நாங்கள் கேட்டதற்குத்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. இருவரும் நின்றுகொண்டே வந்தோம். கனடாவில் இப்போது மணி என்ன என்று அவள் கேட்டாள். அங்கே விடிந்து ஆட்கள் வேலைக்குக் கிளம்புகிற நேரம் என்று கணக்குப் போட்டுச் சொன்னேன்.  மாமியார் வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்த தன் துணிகளை எப்படித் திரும்ப வாங்குவது என்று இறங்கும்போது கேட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இல்லை. ஆனாலும் காலையில் எதிர்வீட்டில் போன் வந்திருப்பதாகக் கூப்பிட்டார்கள். தங்கை போய்ப் பேசினாள். நான் வாசலில் நின்றேன். 'ம்', 'இல்ல', 'ம்' என்று மூன்று முறை சொன்னாள், அவ்வளவுதான். வைத்துவிட்டு வந்து, அவர்தான், நாம் எழுதியதைப் படித்துவிட்டார் என்றாள். நர்ஸ் பதில் போட்டிருக்கிறாராம். தழும்புக்காக மறுக்க மாட்டார்கள், சளியைச் சோதிக்கச் சொல்வார்கள், அதில் மாதக்கணக்கில் தாமதமாகும், டாக்டரிடம் தானாகவே முதலில் சொல்லிவிட வேண்டும், பழைய ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் இருந்தால் நல்லது என்று எழுதியிருக்கிறாராம். தாம்பரத்துக்குப் போய்ச் சீட்டு வாங்கு என்று மாப்பிள்ளை சொன்னாராம். வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை, வைத்துவிட்டார் என்றாள். அன்றே இரண்டு பேரும் ரயில் மாறித் தாம்பரம் போனோம். பழைய பதிவு தேட வேண்டும், திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். திரும்பி வரும்போது, மாமியார் வீட்டுத் துணிகளை எப்படி வாங்குவது என்று அவள் மறுபடி கேட்கவில்லை.